நடு லைன்பேக்கரின் கண்

அமெரிக்க ஃபுட்பாலில் தடுத்து ஆடுகிறவனுக்கு ஒரு நிரந்தரச் சங்கடம் உண்டு. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பது எதிரில் நிற்கும் பதினொரு பேருக்கும் தெரியும், அவனுக்குத் தெரியாது. பந்து எந்தப் பக்கம் போகும், யார் கையில் சேரும், எத்தனையாவது குரலுக்குக் கிளம்பும் என்பதெல்லாம் அவர்கள் வட்டமாக நின்று பேசி முடித்த விஷயங்கள். நான்கு முயற்சிகளில் பத்து யார்டு முன்னேறினால் அவர்களுக்கு மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். தடுக்கிறவன் ஒரே ஒரு தடவை தப்பாக ஊகித்தால் போதும், அறுபது எழுபது யார்டு கைவிட்டுப் போய்விடும். தடுப்பாட்டம் என்ற தொழில் முழுவதும் இந்த அறியாமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் முயற்சிதான்.

அதை எவ்வளவு தூரம் குறைக்க முடியும் என்று யாராவது கேட்டால் நான் லூக் கீக்லியின் பெயரைச் சொல்வேன். சார்லட் நகரின் கரோலினா பேந்தர்ஸ் அணிக்கு 2012 முதல் 2019 வரை எட்டுப் பருவங்கள் ஆடியவர். நான் அந்த நகரத்துப் புறநகர்ப் பள்ளி ஒன்றின் அணியில் லைன்பேக்கர்களுக்குப் பயிற்சி தரும் உதவியாளர்களில் ஒருவன். பகலில் அலுவலகம், மாலையில் மைதானம், இரவில் எதிரணியின் ஆட்டப் பதிவுகளை வெட்டித் தொகுத்துப் பையன்களின் கைபேசிக்கு அனுப்பும் வேலை. லைன்பேக்கர் எப்படிப் பார்க்க வேண்டும் என்று காட்ட நான் போடும் படங்களில் பெரும்பாலானவை கீக்லியுடையவை.

அவர் சின்சினாட்டியில் வளர்ந்தவர், பாஸ்டன் கல்லூரி அணியில் ஆடியவர். நாட்டின் சிறந்த கல்லூரி லைன்பேக்கருக்குத் தரும் பட்கஸ் விருது 2011இல் அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு, தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில், பேந்தர்ஸ் அவரை ஒன்பதாவது ஆளாக எடுத்தது. முதலில் அவரை ஓரத்தில்தான் நிறுத்தினார்கள். நடுவிடம் ஜான் பீசனுடையது. பருவத்தின் தொடக்கத்திலேயே பீசன் காயம்பட்டு விலக, புதுமுகமான கீக்லி நடுவுக்கு வந்தார். அந்தப் பருவம் முடிந்தபோது தொழில்முறை லீக்கிலேயே அதிக டாக்கிள்கள், அதாவது பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்திய கணக்கு, அவருடையவையாக இருந்தன. சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் விருதும் வந்தது. மறு ஆண்டு, 2013இல், லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது. ஓய்வு பெறும்வரை தொடர்ந்து ஏழு முறை புரோ பவுல் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு, ஐந்து முறை பருவத்தின் சிறந்தவர்களைக் கொண்ட ஆல்-புரோ முதல் அணியில் இடம். இதற்கு மேல் விருதுப் பட்டியல் வேண்டாம். அவை ஏன் வந்தன என்பதுதான் எங்களுக்குப் பாடம்.

நடு லைன்பேக்கருக்கு இந்த ஊரில் 'மைக்' என்று பெயர். முன்வரிசைக்கு நான்கைந்து யார்டு பின்னால் நிற்பார். அவருக்கு முன்னால் நூற்றைம்பது கிலோவை நெருங்கும் உடம்புகள் மோதிக்கொண்டிருக்கும். பின்னால் பரந்த புல்வெளி. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் அவர் பொறுப்பு, மேலே வீசினாலும் பாதிப் பொறுப்பு அவருடையது. ஓட்டத்தை அடைக்க முன்னால் பாய வேண்டும். வீச்சைத் தடுக்கப் பின்னால் ஓட வேண்டும். முதல் அடியை எந்தப் பக்கம் வைப்பது என்ற கேள்விக்கு அரை விநாடிக்குள் விடை வேண்டும். தாக்குகிறவர்கள் அந்த அரை விநாடியைக் குழப்புவதற்கென்றே ஓடுவதுபோல் காட்டி வீசுவார்கள்.

இங்கே எல்லாப் பையன்களும் செய்யும் முதல் காரியம் பந்தைப் பார்ப்பது. பந்துதானே ஆட்டம்! ஆனால் பந்து பொய் சொல்லும். தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் அதை ஓடுகிறவனின் வயிற்றில் வைப்பதுபோல் வைத்து உருவிக்கொள்வார். கபடியில் ரெய்டரின் நீட்டிய கையைப் பார்க்கிறவன் ஏமாறுவான், காலைப் பார்க்கிறவன் பிடிப்பான். அதுபோல மைக் பார்க்க வேண்டிய இடம் வேறு. முன்வரிசையின் நடு ஆளுக்கு இரு பக்கமும் நிற்கும் 'கார்டு'கள் இருவரைப் பார்க்க வேண்டும். பந்து கிளம்பியதும் கார்டின் தலைக்கவசம் தாழ்ந்து முன்னால் வந்தால் ஓட்டம். தலைக்கவசம் உயர்ந்து உடம்பு பின்வாங்கினால் வீச்சு. கார்டு வரிசையை விட்டுப் பக்கவாட்டில் கிளம்பினால், அவன் போகிற வழியில்தான் பந்தும் வரும். அவனுக்கு இணையாக ஓடு.

கார்டும் பொய் சொல்லலாமே என்று கெட்டிக்காரப் பையன் கேட்பான். சொல்லலாம், ஆனால் அதிக நேரம் சொல்ல முடியாது. வீசும் ஆட்டத்தில் முன்வரிசைக்காரர்கள் கோட்டைத் தாண்டி அதிக தூரம் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. தொழில்முறை லீக்கில் அந்த வரம்பு ஒரே ஒரு யார்டு, கல்லூரியில் மூன்று. அதனால் கார்டு முன்னால் பாய்வதுபோல் நடித்தாலும் ஒரு யார்டுக்குள் பிரேக் போட்டாக வேண்டும். அந்த பிரேக் கண்ணில் பட்டால் நடிப்பு முடிந்தது. கீக்லியின் படங்களில் நான் திரும்பத் திரும்ப நிறுத்திக் காட்டுவது இதைத்தான். ஓட்டம் என்று எல்லோரும் முன்னால் பாயும்போது அவர் ஒரு குட்டி அடி மட்டும் வைப்பார். கார்டு நின்றதும் திரும்பி, வீச்சு வரப்போகும் இடத்துக்கு ஓடிக்கொண்டிருப்பார். பந்து அப்போது குவாட்டர்பேக்கின் கையை விட்டுக் கிளம்பியே இருக்காது.

ஆனால் அவர் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒரு முயற்சி முடிந்து அடுத்தது தொடங்க 40 விநாடிகள். 2008 முதல் தடுப்பணியில் ஒருவருடைய தலைக்கவசத்துக்குள் சின்ன ஒலிபெருக்கி வைக்க லீக் அனுமதிக்கிறது. அந்தக் கவசத்தின் பின்னால் பச்சைப் புள்ளி ஒட்டியிருப்பார்கள். பயிற்சியாளரின் கட்டளை அதில் வரும். கடிகாரத்தில் 15 விநாடி மீதியிருக்கும்போது இணைப்பு அறுந்துவிடும். அதன்பின் மைக் தனியாள். தாக்கும் அணி வந்து வரிசையில் நிற்பதும், ஆட்களை இடம் மாற்றுவதும், ஒருவரைக் குறுக்கே நடத்திப் பார்ப்பதும் பெரும்பாலும் அந்தக் கடைசி விநாடிகளில்தான்.

அந்த விநாடிகளில் என்னவெல்லாம் படிக்கலாம்? எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை யார்டு, எந்த உடல்வாகு ஆட்கள் உள்ளே வந்திருக்கிறார்கள். ஓடுகிறவர் குவாட்டர்பேக்குக்குப் பக்கத்தில் நிற்கிறாரா, ஓரடி பின்னால் நிற்கிறாரா. ஓரத்தில் இருக்க வேண்டிய பந்து பிடிப்பவர் வழக்கத்தைவிட உள்ளே நெருங்கி நிற்கிறாரா. அப்படியென்றால் அவர் வெளிப்பக்கமாக வெட்டி ஓட இடம் வைத்துக்கொண்டிருக்கலாம், அல்லது யாரையோ உள்ளே தள்ளி அடைக்கப் போகலாம். தரையில் ஊன்றிய கார்டின் விரல்கள் எடை தாங்கி வெளுத்திருந்தால் முன்னால் பாயப் போகிறான். கை லேசாகத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் பின்வாங்கவோ பக்கவாட்டில் கிளம்பவோ போகிறான். ஒவ்வொன்றும் தனியாக ஒன்றும் சொல்லாது. நான்கைந்து சேர்ந்தால் ஒரு வாக்கியம் ஆகும். அந்த வாக்கியத்தைப் படித்து, கத்தி, கைகாட்டி, பக்கத்து ஆட்களை ஓரடி இடமோ வலமோ நகர்த்திவிட வேண்டும். எதிரணி ஆடப்போகும் ஆட்டத்தைக் கீக்லி முன்கூட்டியே உரக்கச் சொல்வது ஒலிவாங்கி பொருத்தி எடுத்த படங்களில் பதிவாகியிருக்கிறது. அவர் சொன்னபடியே அது நடப்பதையும் பார்க்கலாம்.

இதை மந்திரம்போலப் பேசுகிறவர்கள் உண்டு. மந்திரமில்லை, படம் பார்த்த பலன். எதிரணியின் ஆட்டங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. கதை பார்ப்பதுபோல் போய்விடும். பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது முயற்சியில் இரண்டு மூன்று யார்டு தேவைப்பட்ட ஆட்டங்களை மட்டும் தனியாக எடுத்து அடுக்க வேண்டும். மூன்று பேர் ஒரே பக்கம் கொத்தாக நின்ற ஆட்டங்கள் இன்னொரு அடுக்கு. சொந்தக் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டபோது ஆடியவை இன்னொன்று. அப்போதுதான் பயிற்சியாளர்களின் பழக்கம் தெரியும். மனிதர்களுக்கு நெருக்கடியில் கை போகிற இடம் ஒன்று இருக்கும். ஆட்டத் திட்டம் எழுதுகிறவரும் மனிதர்தான். எங்கள் பையன்களிடம் ஒவ்வொரு ஆட்டத்தையும் பந்தையே பார்க்காமல் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன். முதலில் அது அவர்களுக்குத் தண்டனையாகத் தெரியும். பருவத்தின் நடுவில் அவர்களே என்னைத் திருத்துவார்கள்.

கீக்லி மெதுவான ஆள் அல்ல. தேர்வுக்கு முந்தைய உடற்பரிசோதனையில் 40 யார்டை 4.58 விநாடியில் ஓடியவர். நூற்றெட்டு கிலோ உடம்புக்கு அது நல்ல வேகம். அதே வேகம் உள்ள லைன்பேக்கர்கள் ஒவ்வொரு ஆண்டும் தேர்வுக்கு வருகிறார்கள். வேறுபாடு எந்த நொடியில் ஓடத் தொடங்குகிறார்கள் என்பதில். ஓரடி முன்னதாகக் கிளம்புகிறவன் பார்க்கிறவர் கண்ணுக்கு வேகமானவனாகத் தெரிவான். தொலைக்காட்சி வர்ணனையாளர் அவன் காலைப் புகழ்வார்.

2015 நவம்பரில் நன்றி நவிலும் நாளன்று டல்லஸில் நடந்த ஆட்டம் இதற்கு நல்ல சாட்சி. டல்லஸ் குவாட்டர்பேக் டோனி ரோமோ வீசிய பந்தைக் கீக்லி பிடித்து 32 யார்டு ஓடி, கோல் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார். டல்லஸுக்கு அடுத்து கிடைத்த முதல் முயற்சியிலேயே ரோமோ மறுபடி வீச, அதையும் கீக்லியே பிடித்தார். அடுத்தடுத்த இரண்டு வீச்சுகள், ஒரே ஆள். ரோமோ அனுபவசாலி, கண்மூடி வீசுகிறவர் அல்ல. அவர் காலி என்று நினைத்த இடத்துக்கு இவர் ஏற்கெனவே கிளம்பியிருந்தார். அந்தப் பருவத்தில் பேந்தர்ஸ் 15 வெற்றி, ஒரு தோல்வி. வெளியேற்றுச் சுற்றில் சியாட்டிலுக்கும் அரிசோனாவுக்கும் எதிரான அடுத்தடுத்த ஆட்டங்களில் கீக்லி எதிரணி வீச்சைப் பறித்து டச்டவுன் போட்டார்.

அப்படிப் போய்ச் சேர்ந்த இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில், 2016 பிப்ரவரியில், டென்வர் 24-10 என்று வென்றது. அந்த ஆட்டத்தைப் பையன்களுக்குக் காட்ட எனக்குக் காரணம் உண்டு. டென்வர் அன்று தாக்குதலில் சேர்த்தது மொத்தம் 194 யார்டுதான். சூப்பர் பவுலில் வென்ற எந்த அணியும் அதுவரை அவ்வளவு குறைவாக எடுத்ததில்லை. கீக்லியும், முந்தைய ஆட்டத்தில் முறிந்த கையோடு இறங்கிய தாமஸ் டேவிஸும் இருந்த தடுப்பணி தன் வேலையைச் செய்தது. எதிர்ப்பக்கத்தில் வான் மில்லர் என்ற இன்னொரு தடுப்பாட்டக்காரர் பேந்தர்ஸ் குவாட்டர்பேக் கேம் நியூட்டனின் கையிலிருந்து இரண்டு முறை பந்தைத் தட்டிவிட்டு ஆட்டத்தையே எடுத்துக்கொண்டார். சரியாகப் படித்தும் தோற்கலாம். தடுப்பாட்டக்காரன் தன் வேலையின் தரத்தை ஸ்கோர் பலகையில் தேடக் கூடாது.

தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கும் பேந்தர்ஸ் ஆட்டத்திலேயே ஒரு காட்சி இருக்கிறது. 2017 டிசம்பரில் கிரீன் பே வந்திருந்தது. அவர்களுடைய லைன்பேக்கர் கிளே மேத்யூஸ், பேந்தர்ஸ் ஆடப்போவது இன்ன ஆட்டம் என்று சரியாகக் கண்டுபிடித்துத் தன் ஆட்களிடம் கத்தினார். நியூட்டன் அதைக் கேட்டுவிட்டார். படமெல்லாம் பார்த்திருக்கிறாயே என்று பாராட்டிவிட்டு, ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றி கிறிஸ்டியன் மெக்காஃப்ரியிடம் வீசினார். டச்டவுன். படிக்கிறவனை மறுபக்கமும் படித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கீக்லி பல தடவை தான் கண்டுபிடித்ததைக் கடைசி நொடிவரை உடம்பில் காட்டாமல் நிற்பார். தெரிந்துகொள்வது பாதி வேலை. தெரிந்ததை மறைத்துவைப்பது மீதி.

இதுவரை சொன்னது எல்லாப் பயிற்சியாளரும் ஆசையோடு சொல்லும் கதை: மூளையால் ஆடு, படம் பார், முன்கூட்டியே அறி. இதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாடம் பாதிப் பொய்.

லைன்பேக்கர் சரியாகப் படித்தால் என்ன ஆகும்? பந்து வரும் இடத்துக்கு முன்னால் போய்ச் சேர்வான். போய்ச் சேர்ந்தால்? மோத வேண்டும். 2013 டிசம்பரில் நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக 17-13 என்று வென்ற ஆட்டத்தில் கீக்லியின் கணக்கில் 24 டாக்கிள்கள். ஒரே மாலையில் இருபத்துநான்கு தடவை, முழு வேகத்தில் வரும் உடம்பைத் தன் உடம்பால் நிறுத்தியிருக்கிறார். மந்தமாகப் படிக்கும் லைன்பேக்கர் அதில் பாதிக்குக்கூட நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். அறிவு மோதலிலிருந்து காப்பாற்றும் என்று நாம் நினைக்கிறோம். இந்த இடத்தில் அறிவுதான் அதிக மோதலுக்கு வழிகாட்டியது. எட்டுப் பருவங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாக்கிள்கள். அவருடைய கண் எவ்வளவு கூர்மையோ அவ்வளவு அவருடைய தலை விலை கொடுத்தது.

2015 பருவத்தின் முதல் ஆட்டத்தில் தலையதிர்ச்சி; மூன்று ஆட்டங்கள் வெளியே. 2016 நவம்பர் 17ஆம் தேதி இரவு, மறுபடி நியூ ஆர்லியன்ஸ். அடிபட்டபின் எழுந்து உட்கார்ந்தவர் கட்டுப்படுத்த முடியாமல் அழுதார். வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அந்தப் பருவத்தில் அதற்குமேல் அவர் ஆடவில்லை. 2017 அக்டோபரில் பிலடெல்ஃபியாவுக்கு எதிராக மூன்றாவது. அந்தக் காலத்தில் அவர் கழுத்தில் ஒரு பட்டை போட்டுக்கொண்டு ஆடினார். கழுத்து இரத்தநாளத்தை லேசாக அழுத்தி, மண்டைக்குள் இரத்தத்தைக் கொஞ்சம் கூட்டி, மூளை குலுங்குவதைக் குறைப்பது அதன் நோக்கம். அந்த 2016 இரவின் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த ஊர் இது. எதிரணியின் அடுத்த ஆட்டத்தைக் கத்திச் சொல்லும் முகம், என்ன நடக்கிறதென்று தெரியாமல் அழுததை இங்கே யாரும் மறக்கவில்லை.

இந்த விலையைக் கொடுத்தவர் அவர் மட்டுமல்ல. லைன்பேக்கர் வரலாற்றில் பெரிய பெயரான ஜூனியர் சியாவ் 2012 மே மாதம் தற்கொலை செய்துகொண்டார். அவர் மூளையில் சி.டி.இ. எனும் சிதைவு நோய் இருந்ததை மறு ஆண்டு மருத்துவர்கள் அறிவித்தார்கள். சான் பிரான்சிஸ்கோவின் கிறிஸ் போர்லண்ட் ஒரே ஒரு பருவம் நன்றாக ஆடிவிட்டு, 2015இல் இருபத்துநான்கு வயதில், தலைக்கு ஆபத்து என்று விலகினார். அப்போது அவரைப் பற்றிப் பலவிதமாகப் பேசினார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2020 ஜனவரி 14 அன்று, கீக்லி ஒரு காணொலியில் ஓய்வை அறிவித்தார். வயது இருபத்தெட்டு. ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு பருவங்கள் மீதி. அந்தப் பருவத்திலும் அவர் புரோ பவுலுக்குத் தேர்வானவர். ஆட ஆசை இன்னும் இருக்கிறது, ஆனால் ஆடுவது சரியான முடிவு என்று தோன்றவில்லை என்ற பொருளில் பேசினார். இந்த முறை அதிகம் பேர் கேலி செய்யவில்லை.

ஓய்வுக்குப் பின் அதே அணியில் சிறிது காலம் மற்ற அணி ஆட்டக்காரர்களை எடைபோடும் வேலையை ஏற்றார். அதாவது மறுபடி படம் பார்க்கும் வேலை. எனக்கு அது வியப்பாக இல்லை. அவர் நேசித்த பகுதி எதுவென்று அதில் தெரிந்தது.

பயிற்சி தருகிறவனுக்கு இதில் என்ன இருக்கிறது? லீக்கும் பள்ளிகளும் இந்த ஆண்டுகளில் சும்மா இருக்கவில்லை. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்த 2011 ஒப்பந்தம் பருவத்தின்போது முழுக் கவசப் பயிற்சியை 14 தடவைக்குக் குறைத்தது. தலையைத் தாழ்த்திக் கவசத்தால் முட்டுவதை 2018இல் குற்றமாக்கினார்கள். சியாட்டில் அணி 2014இல் ரக்பியிலிருந்து எடுத்துப் பரப்பிய டாக்கிள் முறை எங்கள் மைதானம்வரை வந்திருக்கிறது: தலை ஆளுக்கு வெளியே, தோள் தொடையில், கைகள் சுற்றிப் பிடிக்க, கால்கள் ஓடிக்கொண்டே. எங்கள் மாநிலத்தில் 2008இல் தலைக்காயத்தால் இறந்த இரண்டு பள்ளி ஆட்டக்காரர்களின் பெயரில் 2011இல் சட்டம் வந்தது. தலையதிர்ச்சி அறிகுறி தெரிந்த மாணவன் அன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது; மருத்துவத் தகுதி பெற்றவர் எழுதிக் கொடுத்தபிறகே திரும்பலாம். ஆட்டத்தை எவ்வளவு நேசிக்கிற பயிற்சியாளரும் அந்தத் தாளுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். நல்ல சட்டம்.

இவை எல்லாம் மோதலின் விலையைக் குறைக்கின்றன, இல்லாமல் ஆக்குவதில்லை. அதனால் என் பங்குக்கு நான் செய்வது, படிப்பையும் உடம்பையும் தனித்தனிப் பாடங்களாகச் சொல்லித்தராமல் இருப்பது. பையன் ஒருவன் கார்டைச் சரியாகப் படித்து, இடத்துக்கு முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிட்டால், அவனுக்கு ஒரு சலுகை கிடைக்கிறது: தவிக்காமல், இடுப்பைத் தாழ்த்தி, தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று தீர்மானிக்க அரை விநாடி. தாமதமாக வருகிறவனுக்கு அந்த அரை விநாடி இல்லை. பாய்ந்து தலையைக் கொடுப்பான். சீக்கிரம் படிப்பதால் மோதல் கூடுகிறது என்றால், அதே படிப்பு மிச்சம்பிடிக்கும் நேரத்தை மோதலைச் சரியாகச் செய்யவே செலவழிக்க வேண்டும். கீக்லியின் எட்டு ஆண்டுகளிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தக் கணக்குத்தான்.

இப்போது எங்கள் ஆட்டப் படங்களை ஒவ்வொரு பையனுக்கும் இரண்டு தடவை ஓட்டி மதிப்பெண் போடுகிறேன். முதல் தடவை கண்ணுக்கு: சரியான ஆளைப் பார்த்தானா, முதல் அடி எந்தப் பக்கம். இரண்டாம் தடவை தலைக்கு: மோதிய நொடியில் அது எங்கே இருந்தது. கண்ணுக்கு முழு மதிப்பெண் வாங்கி, தலைக்குத் தவறியவன் அடுத்த வாரத் தொடக்க அணியில் இருக்க மாட்டான். கெட்டிக்காரனை உட்கார வைக்கிறீர்களே என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவனுடைய கெட்டிக்காரத்தனம் அவனை மற்றவர்களைவிட அதிக தடவை மோதலில் கொண்டுபோய் நிறுத்தும், அதனால்தான் அவனிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கேட்கிறேன் என்று பதில் சொல்கிறேன்.